நோக்கியாவைக் கைவிடாதவர்கள்: வாட்ஸ்அப்பின் முதல் ஐந்து வருடம்

வாட்ஸ்அப் எப்படி உருவானது என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலான கட்டுரைகள் 1,900 கோடி டாலரில்தான் ஆரம்பிக்கின்றன. 2014 பிப்ரவரி 19 அன்று ஃபேஸ்புக் அந்த விலைக்கு அதை வாங்குவதாக அறிவித்தது, அதைத் தொடங்கிய யான் கூம் சின்ன வயதில் அரசு உணவுக் கூப்பனுக்காக ஒரு அலுவலகத்தில் வரிசையில் நின்றவர், அதே அலுவலகக் கட்டடத்தின் வாசல் கதவில் காகிதத்தை வைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்கும் பிடித்த கதைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூப்பனில் ஆரம்பித்துக் கோடியில் முடித்துவிட்டால் நடுவில் இருக்கிற ஐந்து வருடம் காணாமல் போய்விடுகிறது. 2009-லிருந்து 2014 வரை வாட்ஸ்அப்பின் சின்ன அலுவலகத்தில் என்னென்ன முடிவுகள் எடுத்தார்கள், எதையெல்லாம் பிடிவாதமாக மறுத்தார்கள், எந்தப் போனுக்காக ராத்திரி பகல் உழைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஏனென்றால் ஐபோன் வாங்க வழியில்லாத எங்கள் வீடு மாதிரி எத்தனையோ வீடுகளுக்குள் வாட்ஸ்அப் நுழைந்தது அந்த முடிவுகளால்தான்.

கூம் 1976-ல் பிறந்தவர், உக்ரைனில் கீவ் நகரத்துக்குப் பக்கத்தில் ஃபாஸ்டிவ் என்ற ஊரில் வளர்ந்தவர். அப்போது அது சோவியத் ஒன்றியம். வீட்டில் வெந்நீர் கிடையாது, போனில் யாராவது ஒட்டுக்கேட்பார்கள் என்று பெரியவர்கள் அதில் அதிகம் பேசமாட்டார்கள். 1992-ல், 16 வயதில், அம்மாவோடும் பாட்டியோடும் கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூவுக்கு வந்து சேர்ந்தார். போன இடத்தில் பள்ளிக்கூடச் செலவு இழுக்கக் கூடாதென்று அம்மா ஒரு பெட்டி நிறையப் பேனாக்களும் சோவியத் நோட்டுப் புத்தகங்களும் அடுக்கி எடுத்து வந்திருக்கிறார். அம்மா குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக, மகன் ஒரு மளிகைக் கடையில் தரை பெருக்கினார். பழைய புத்தகக் கடையில் நெட்வொர்க் பற்றிய புத்தகங்களை வாங்கி, படித்து முடித்ததும் அதே கடையில் திருப்பிக் கொடுத்து, அப்படித்தான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார்.

1997-ல் யாகூவில் பிரையன் ஆக்டனைச் சந்திக்கிறார். ஆக்டன் அந்த நிறுவனத்தின் 44-ஆவது ஊழியர். கொஞ்ச நாளில் கூமும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட, இருவரும் ஒன்பது பத்து வருடம் அங்கே இருந்தார்கள். விளம்பரத் தொழில் உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்பதை ஆக்டன் அங்கே கிட்டத்திலிருந்து பார்த்துவிட்டார். பின்னால் கூமின் மேஜையில் ஒட்டியிருந்த சீட்டு ஆக்டன் எழுதிக் கொடுத்தது: விளம்பரம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், வித்தை வேண்டாம். 2007-ல் இருவரும் வேலையை விட்டுவிட்டுத் தென் அமெரிக்காவைச் சுற்றப் போனார்கள். திரும்பி வந்து ஃபேஸ்புக்கில் வேலை கேட்டார்கள், கிடைக்கவில்லை. ட்விட்டர், ஃபேஸ்புக் இரண்டும் தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டதை ஆக்டன் 2009-ல் ட்விட்டரிலேயே எழுதினார், அந்த வரிகள் பின்னால் உலகப் புகழ் பெற்றன.

சரி, 2009 ஜனவரிக்கு வருவோம். கூம் ஒரு ஐபோன் வாங்குகிறார். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. சான் ஹோசேயில் அலெக்ஸ் ஃபிஷ்மன் என்ற நண்பர் வீட்டில் வாரா வாரம் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் பீட்சா சாப்பிடவும் படம் பார்க்கவும் கூடுவார்கள். அந்த வீட்டுச் சமையலறையில் டீ குடித்துக்கொண்டே மணிக்கணக்கில் இருவரும் பேசியதில்தான் யோசனை பிறந்தது. அந்த யோசனையில் செய்தி அனுப்புவது என்கிற விஷயமே இல்லை! போனின் அட்ரஸ் புக்கைத் திறந்தால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் இப்போது என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டும். ‘கால் பேசிக்கொண்டிருக்கிறேன்’, ‘பேட்டரி தீரப்போகிறது’, ‘ஜிம்மில் இருக்கிறேன்’, அவ்வளவுதான். ஐபோனுக்கு எழுத ஆள் தேவைப்பட்டதும் ஃபிஷ்மன் இணையத்தில் தேடி ரஷ்யாவிலிருந்து இகோர் சொலொமென்னிகோவ் என்ற நிரலாளரைப் பிடித்துக் கொடுத்தார். பிப்ரவரி 24, தன் பிறந்த நாளன்று, கூம் நிறுவனத்தைப் பதிவு செய்தார். செயலி அப்போது முழுதாகத் தயாராகக்கூட இல்லை.

தயாரான பிறகும் ஓடவில்லை. அடிக்கடி நின்றுபோனது, தொங்கியது. ஃபிஷ்மன் தன் போனில் போட்டுப் பார்த்தால் அட்ரஸ் புக்கில் இருந்த நூற்றுக்கணக்கான பேரில் ஒரு சிலர்தான் அதை வைத்திருந்தார்கள். விட்டுவிட்டு வேறு வேலை தேடலாம் என்று கூம் சொன்னபோது, இப்போது விட்டால் முட்டாள்தனம், இன்னும் சில மாதம் பார் என்று ஆக்டன் தடுத்தார். இதை நான் அவசரமாகக் கடந்து போக விரும்பவில்லை. பணம் போடவில்லை, பங்கு கேட்கவில்லை, இன்னும் சேரக்கூட இல்லை, கூட விளையாடப் போன ஒரு நண்பராக நின்று சொன்ன வார்த்தை அது.

2009 ஜூனில் ஆப்பிள் ‘புஷ் நோட்டிஃபிகேஷன்’ என்ற வசதியைத் திறந்துவிட்டது. அதுவரை செயலியைத் திறந்து வைத்திருந்தால்தான் அதில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று தெரியும், இப்போது மூடிக் கிடந்தாலும் தட்டி எழுப்பலாம். யாராவது ஸ்டேட்டஸ் மாற்றினால் அவருடைய தொடர்புகள் எல்லோருடைய போனிலும் ஒரு சத்தம் வரும்படி கூம் செய்தார். உடனே நண்பர்கள் ஸ்டேட்டஸிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் ‘தூங்கி எழவே லேட்டாகிவிட்டது’ என்று போட, இன்னொருவர் தன் ஸ்டேட்டஸில் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று பதில் போட்டார். அந்த வருடமே செய்தி அனுப்பும் வசதியோடு 2.0 பதிப்பு வந்தது, பயன்படுத்துகிறவர்கள் எண்ணிக்கை இரண்டரை லட்சத்தைத் தொட்டது.

இந்த இடத்தில்தான் என் கணக்கில் மொத்தக் கதையிலேயே முக்கியமான முடிவு இருக்கிறது. பிளாக்பெர்ரி போன்களுக்கான பி.பி.எம். என்ற செய்திச் சேவை 2005-லிருந்தே இருந்தது, நல்ல சேவை, ஆனால் இரண்டு பக்கமும் பிளாக்பெர்ரி இருக்க வேண்டும், பின் நம்பர் கேட்டு வாங்க வேண்டும். கூகுள் டாக்குக்கு ஜிமெயில் வேண்டும். யாகூ மெசஞ்சர், ஸ்கைப் எதுவாக இருந்தாலும் ஒரு ஐ.டி., ஒரு பாஸ்வேர்டு, அப்புறம் நண்பரின் ஐ.டி.யைத் தேடிச் சேர்த்து, அவர் ஏற்றுக்கொள்ளும்வரை காத்திருப்பது. வாட்ஸ்அப் இது எதையும் கேட்கவில்லை, போன் நம்பர்தான் கணக்கு. நம்பரைத் தட்டினால் ஒரு எஸ்.எம்.எஸ். வரும், அதில் இருக்கிற எண்ணைப் போட்டால் முடிந்தது. உங்கள் அட்ரஸ் புக்கில் யார் யாரிடம் வாட்ஸ்அப் இருக்கிறதோ அவர்கள் தானாகவே வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மின்னஞ்சல் முகவரி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவருக்கும் தன் போன் நம்பர் தெரியும். எங்கள் ஊரில் எத்தனையோ பெரியவர்கள் முதன்முதலில் தாங்களாகவே இணையத்தில் கணக்குத் தொடங்கியது வாட்ஸ்அப்பில்தான் என்று தைரியமாகச் சொல்வேன். கணக்குத் தொடங்குகிறோம் என்கிற நினைப்பே அவர்களுக்கு வந்திருக்காது.

இதற்கு விலையும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். வரிசையில் ஆட்கள் தானாக வந்து உட்கார வேண்டுமென்றால் உங்கள் அட்ரஸ் புக் முழுவதும் அவர்களுடைய சர்வருக்குப் போயாக வேண்டும். வாட்ஸ்அப்பே வேண்டாமென்று ஒதுங்கி இருக்கிறவரின் நம்பரும் அதோடு சேர்ந்து போகும். இது தனியுரிமைச் சட்டத்துக்கு ஒத்துவராது என்று 2013 ஜனவரியில் கனடா, நெதர்லாந்து இரண்டு நாட்டு ஆணையங்களும் சேர்ந்து விசாரித்துச் சொன்னார்கள். பாதுகாப்பும் ஆரம்பத்தில் மோசம். 2012 வரை செய்திகள் எந்த மறைப்பும் இல்லாமல் நெட்வொர்க்கில் ஓடின, ஒரே வைஃபையில் இருக்கிற ஒருவர் நினைத்தால் படித்துவிடலாம். அந்த வருடம் ஆராய்ச்சியாளர்கள் தோண்டிப் பார்த்தபோது, ஆண்ட்ராய்டில் கணக்கின் பாஸ்வேர்டே போனின் ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண்ணைத் திருப்பிப் போட்டு உருவாக்கியது என்று தெரியவந்தது. பேட்டரியைக் கழற்றினால் உள்ளே ஒட்டியிருக்கிற எண் அது! கோடிக்கணக்கானவர்கள் நம்பிப் பேசுகிற இடத்தில் இப்படிச் செய்திருக்கக் கூடாது. ஒட்டுக்கேட்கிற நாட்டில் வளர்ந்த கூமின் செயலியில் இது நடந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான். ‘சிக்னல்’ என்ற செயலியை உருவாக்கியவர்களோடு சேர்ந்து 2014-ல் தொடங்கி 2016 ஏப்ரலில், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாத முழு மறையாக்கத்தைக் கொண்டுவந்தார்கள். நன்றாகவே செய்தார்கள், ஆனால் ஐந்தாறு வருடம் தாமதம்.

பணம் எப்படி வந்தது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2009 அக்டோபரில் ஆக்டன் பழைய யாகூ நண்பர்கள் ஐந்து பேரிடம் இரண்டரை லட்சம் டாலர் திரட்டினார், நவம்பர் 1 அன்று தானும் சேர்ந்தார். முதலில் மவுண்டன் வியூ காஸ்ட்ரோ தெருவில் ரெட் ராக் என்ற காபிக் கடையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அப்புறம் ஒரு பழைய கிடங்கில் உள்வாடகைக்கு இடம் பிடித்து, மலிவான மேஜைகளைப் போட்டுக்கொண்டு, குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வாசலில் போர்டு கிடையாது. ஆரம்ப நாட்களில் அவர்களுடைய பெரிய செலவு என்ன தெரியுமா? எஸ்.எம்.எஸ்.! புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த உறுதிப்படுத்தும் எண்ணை எஸ்.எம்.எஸ்.ஸில்தானே அனுப்ப வேண்டும். அமெரிக்காவுக்குள் 2 சென்ட் என்றால் மத்தியக் கிழக்குக்கு 65 சென்ட் வரை ஆனது. ஆள் கூடக்கூடச் செலவும் கூடியது, அதனால் வேகத்தை மட்டுப்படுத்தவே சில சமயம் செயலியை இலவசத்திலிருந்து கட்டணத்துக்கு மாற்றினார்கள். அந்த டிசம்பரில் ஐபோனில் படம் அனுப்பும் வசதி வந்தபோது ஒரு டாலர் விலை இருந்தும் மக்கள் வாங்கினார்கள். 2011 ஏப்ரலில் செக்கோயா என்ற முதலீட்டு நிறுவனம் 80 லட்சம் டாலர் போட்டது. பத்திரிகைகளைத் தேடிப் போகவில்லை, விளம்பரமும் செய்யவில்லை.

இனி நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

2010-லிருந்து அவர்கள் பிளாக்பெர்ரி, ஆண்ட்ராய்டு, நோக்கியாவின் சிம்பியான் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதத் தொடங்கினார்கள். அடுத்து செய்ததுதான் சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேறு யாரும் சீந்தாத வேலை: நோக்கியாவின் எஸ்40. அது ஸ்மார்ட்போனே இல்லை. சின்னத் திரை, பொத்தான்கள், ஜாவாவில் எழுதிய குட்டிச் செயலிகள் மட்டும் ஓடும், அவற்றுக்குக் கிடைக்கிற நினைவகமும் சில எம்.பி.தான். அந்தப் போனுக்கு நிரல் எழுதுகிறவர் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இருக்கிற யாருடைய நண்பரும் அந்தப் போனை வைத்திருந்திருக்க மாட்டார். ஆனால் இந்தியா, இந்தோனேசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா எங்கும் கையில் இருந்தது அதுதான். குறைந்த விலை நோக்கியாக்கள் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே 2006-லிருந்து லட்சக்கணக்கில் செய்து வெளியே போய்க்கொண்டிருந்தன. பிளாக்பெர்ரிக்கு எழுத வந்த கிறிஸ் பைஃபர் என்ற நிரலாளரே முதலில் சந்தேகப்பட்டிருக்கிறார், எல்லோரிடமும்தான் எஸ்.எம்.எஸ். இருக்கிறதே, இது எதற்கு என்று. மற்ற நாடுகளில் எஸ்.எம்.எஸ்.ஸுக்குத் தனித்தனியாகக் காசு பிடிக்கிறார்கள் என்று கூம் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்போதெல்லாம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எஸ்.எம்.எஸ். பேக் செல்லாது, அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு வாழ்த்துக்கும் முழுக் காசு. வாழ்த்தையெல்லாம் முதல் நாள் ராத்திரியே அனுப்பிவிடுகிற பழக்கம் அப்படித்தான் வந்தது. 2011 செப்டம்பர் 27-லிருந்து தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ். என்று வரம்பு போட்டது, நவம்பரில் அதை 200 ஆக்கியது. விளம்பரத் தொல்லையைத் தடுக்கப் போட்ட வரம்பு, மாட்டிக்கொண்டதோ கல்லூரிப் பிள்ளைகள். அதே சமயத்தில் நோக்கியாவில் வாட்ஸ்அப் கிடைக்கிறது, டேட்டா இருந்தால் போதும், எண்ணிக்கைக் கணக்கே கிடையாது என்றால் என்ன ஆகும்?

எங்கள் வீட்டில் முதலில் வாட்ஸ்அப் வந்தது என் நோக்கியா சி3-ல். 3ஜி கிடையாது, அதற்கு முந்தைய மெதுவான எட்ஜ் இணைப்புதான். மஸ்கட்டில் இருந்த அக்காவுக்கு அதில்தான் முதல் செய்தி போனது. அதுவரை வெளிநாட்டுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். என்றால் யோசித்து, சுருக்கி, எழுத்தை எண்ணி அனுப்புவோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்ப்பார். முதலில் ஒரு டிக் வரும், கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், அப்புறம் இரண்டாவது. “ரெண்டு வந்துருச்சுல்ல? அப்ப படிச்சிட்டா.” “இல்லம்மா, அவ போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு, அவ்வளவுதான்.” “போனு அவ கையிலதான இருக்கும்!” ஒரு டிக் என்றால் செய்தி சர்வருக்குப் போய்விட்டது, இரண்டு என்றால் எதிர்முனையில் இருக்கிற போன் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று திரும்பச் சொல்லிவிட்டது. படித்ததைச் சொல்கிற நீல டிக் 2014 நவம்பரில்தான் வந்தது. அந்த இரண்டு டிக்கைப் பார்த்துத்தான் ஆக்டனுக்கே இதன் மேல் நம்பிக்கை வந்தது என்று பின்னால் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

எட்ஜில் அது ஓடியதற்குக் காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப் உள்ளே பேசிய மொழி எக்ஸ்.எம்.பி.பி. என்ற திறந்த முறையிலிருந்து எடுத்தது. அது ரொம்ப வளவளவென்று பேசும். ஒரு ‘சரி’ அனுப்பினால்கூட அதைச் சுற்றி யாரிடமிருந்து, யாருக்கு, எந்த வகை என்று நீள நீளமான ஆங்கிலச் சொற்கள் போகும். அடிக்கடி வருகிற அந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் பதிலாக ஒரே ஒரு பைட் என்று மாற்றினார்கள். மளிகைக் கடை அண்ணாச்சி வாடிக்கையான சாமான்களுக்குத் தன் நோட்டில் ஒற்றை எழுத்துக் குறி வைத்திருப்பாரே, அந்த மாதிரி. சிக்னல் ஒரு கோடு இருக்கிற இடத்திலும் செய்தி போய்ச் சேர்ந்ததற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

சர்வர் பக்கமும் அதே சிக்கனம். எரிக்சன் நிறுவனம் 1980-களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவாக்கிய எர்லாங் என்ற மொழியைப் பிடித்துக்கொண்டார்கள். லட்சக்கணக்கான இணைப்புகளை ஒரே நேரத்தில் தாங்கவும், ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தாமல் நிரலை மாற்றவும் பிறந்த மொழி அது. அப்போது அது நாகரிக மொழி இல்லை, பெரும்பாலான நிறுவனங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃப்ரீ-பி.எஸ்.டி. இயங்குதளத்தின் மேல் அதை வைத்து, ஒவ்வொரு தடையாகக் கண்டுபிடித்து நீக்கி, 2012 ஜனவரியில் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்க வைத்ததாக எழுதினார்கள். ஒரு இயந்திரம், 20 லட்சம் போன்கள்! செய்தி போய்ச் சேர்ந்ததும் சர்வரிலிருந்து அழித்துவிடுவார்கள், சேர்த்து வைக்க மாட்டார்கள், அதனால் சேமிப்புச் செலவும் குறைவு. ஃபேஸ்புக் வாங்குகிற நேரத்தில் மாதம் 45 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள், பொறியாளர்கள் 32 பேர்.

நோக்கியா பக்கம் இது எவ்வளவு தூரம் போனது என்றால், 2013 ஏப்ரலில் அறிவித்த ஆஷா 210-ல் சில நாடுகளுக்கான மாடலில் வாட்ஸ்அப்புக்கென்றே விசைப்பலகையில் ஒரு தனிப் பொத்தான் இருந்தது. அந்த ஆகஸ்டில் குரல்செய்தி வந்தது. என் பார்வையில் தமிழர்களுக்கு அது படம் அனுப்புவதைவிடப் பெரிய விஷயம். அன்றைய பல போன்களில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், தமிழைத் தட்டச்சு செய்யவும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அம்மா எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் குரல்செய்தி வந்த பிறகு அக்காவுக்கு ரசத்துக்கு என்னென்ன போட வேண்டும் என்பதைக்கூட நிறுத்தி நிதானமாகப் பேசி அனுப்பினார். எழுதத் தெரிந்தவர்களின் கருவியாக இருந்தது பேசத் தெரிந்த எல்லோருடையதாகவும் ஆனது அப்போதுதான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தெரிந்த கதை. 2016-ல் ஒரு டாலர் சந்தாவை எடுத்துவிட்டார்கள். விளம்பரம் பற்றியும் பயனாளர் தகவல் பற்றியும் ஃபேஸ்புக்கோடு ஒத்துப்போகாமல் 2017-ல் ஆக்டனும் 2018-ல் கூமும் வெளியேறினார்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போனது. எஸ்40-க்கான வாட்ஸ்அப்பை மட்டும் 2018 டிசம்பர் 31 வரை விடாமல் ஓட்டினார்கள். நோக்கியாவே கைகழுவிய போனுக்கு, ஆலை மூடி நாலு வருடம் ஆன பிறகும்!

கூமைப் பற்றியும் ஆக்டனைப் பற்றியும் ஏகப்பட்ட பக்கங்கள் எழுதியாகிவிட்டது. எர்லாங் சர்வர்களைப் பற்றி அவர்களுடைய பொறியாளர்களே மேடையில் பேசியிருக்கிறார்கள். எஸ்40 பதிப்பை எழுதியவர்களைப் பற்றி மட்டும் இப்படி விரிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. சில எம்.பி. நினைவகத்தில் குழு உரையாடலையும் படத்தையும் எப்படி அடக்கினார்கள், எத்தனை வகை நோக்கியாவை மேஜையில் பரப்பி வைத்துச் சோதித்தார்கள், எட்ஜ் அறுந்து அறுந்து வரும்போது செய்தி தொலைந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று அந்தக் குழுவில் இருந்த யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதினால், எவ்வளவு நீளமாக இருந்தாலும், முதல் ஆளாகப் படிப்பேன்.